சம்பந்தியோடு போட்ட சண்டை

என் காகிதங்களைப் பார்த்து டைப் அடிக்கிறவருக்கு இந்த வாரமும் முதலில் ஒரு மன்னிப்பு. என் எழுத்து கோடு போட்ட தாளிலேயே மேலேயும் கீழேயும் போகும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் எனக்கு இன்னும் தகராறு உண்டு. போன வாரம் திருத்திய மாதிரியே திருத்திக்கொள்ளுங்கள். அச்சில் வந்ததைப் படித்தபோது, இதை நாமா எழுதினோம் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மில் மூடியதையும், சாரம் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்ததையும் போன வாரம் சொல்லி நிறுத்தினேன். சிலர் ஐயோ பாவம் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் அப்படி எழுத வேண்டியிருக்காது. கொஞ்சம் சிரிக்கிற விஷயம்தான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

புது டிஸ்க்

முதலியார்பேட்டையில் என் மகள் வாணியைக் கட்டிக்கொடுத்த வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு வாசனை இன்னும் ஹாலை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை குமரன், கம்ப்யூட்டர் மேல் மூடியிருந்த பூப்போட்ட துணியை எடுத்து மடித்து வைக்கிறார். புது டிஸ்க்கின் மேலிருந்த கண்ணாடிக் காகிதத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறார்.

சம்பந்தி தேவராசு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பனியனோடு இருப்பவர், நான் வந்தால் எழுந்துபோய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வருவார். பக்கத்து ஸ்டூலில் நான். சமையலறை வாசற்படியில் வாணி, இடுப்பில் பேரப்பிள்ளை. அவனுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. எதைக் கொடுத்தாலும் கடிப்பான்.

டிஸ்க்கில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்தின் இரண்டாம் பாகம். அதன் முதல் பாகத்தை சம்பந்தியும் நானும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆடியிருந்தோம். ராஜா காலத்து ஆட்டம். ஒரு நிலத்தை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். சின்னச் சின்ன ஆட்கள் மரம் வெட்டுவார்கள், கல் உடைப்பார்கள், வயல் உழுவார்கள். சேர்ந்த மரத்தையும் கல்லையும் வைத்து வீடு, பட்டறை, கோட்டை என்று கட்டிக்கொண்டே போக வேண்டும். எதிரிப் படை வருவதற்குள் மதில் எழுப்பிவிட வேண்டும். எதிரி என்பது கம்ப்யூட்டர். நாங்கள் இருவரும் ஒரே பக்கம். மவுஸ் அவர் கையில், கண் என்னுடையது. "மேக்கால ஒரு ஓட்டை இருக்கு சம்மந்தி" என்பேன். அவர் போய் அடைப்பார். மதில் கட்டுவதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்த வேலை. சண்டை வராவிட்டால்கூட மதில் கட்டுவோம்.

ஆடி ஆடி அந்த டிஸ்க் கீறல் விழுந்து நின்றுபோனது. அதனால்தான் மாப்பிள்ளை ஆசையாக இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தார். அதற்காகக் கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒரு பாகத்தைக்கூட மாற்றினார்.

ஸ்பீக்கரில் பெரிய சங்கீதம். பிறகு நிலம் வந்தது. வந்த நிலம் சுற்ற ஆரம்பித்தது. மவுஸைக் கொஞ்சம் அசைத்தால் மொத்த ஊரும் ராட்டினம் மாதிரி திரும்பியது. வடக்கு எது, தெற்கு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆட்கள் பெரியவர்களாக, முகமெல்லாம் தெரிகிற மாதிரி இருந்தார்கள். ஆனால் மரம் வெட்ட யாருமே இல்லை. மரம் தானாகச் சேர்ந்தது. சம்பந்தி திரையின் ஓரமெல்லாம் தேடிவிட்டு மெதுவாகக் கேட்டார், மதில் எங்கே என்று.

"அத எடுத்துட்டாங்கப்பா. இதுல நின்னு கட்டிக்கிட்டு இருக்க முடியாது. வேகமா அடிச்சிக்கிட்டே போவணும்" என்றார் மாப்பிள்ளை.

"ஓகோ" என்றார் சம்பந்தி.

அதற்குள் எங்கள் ஊர் எரிந்து முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்தார். சம்பந்தி நல்லாத்தான் இருக்கு என்றார். கலர் நல்லா இருக்கு என்று நானும் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே நல்லாத்தான் இருந்தது. அதற்கும் அடுத்த ஞாயிறு நான் போனபோது, கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட துணி மூடியபடியே இருந்தது. கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு சம்பந்தி டிவியைப் போட்டார். நான் காபி குடித்து முடித்தேன். அதற்கு மேல் அங்கே உட்கார எனக்கு ஒரு வேலையும் இல்லை.

போவதற்கு ஒரு காரணம்

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைப்பீர்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாக்களுக்குப் புரியும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பா, சம்பந்தி வீட்டுக்குச் சும்மா போவதில்லை. போனால், வாசலிலேயே "வாங்க, என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். மரியாதைக்காகக் கேட்பதுதான். ஆனால் அதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, ஆடிக்கு என்று சீர்த் தட்டோடு போகலாம். உடம்பு சரியில்லை என்றால் போகலாம். மகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்பதை யாரும் ஒரு காரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பேச்சு சாமர்த்தியம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சமாளித்துவிடுவார்கள். எனக்கு அது வராது. கல்யாணமான புதிதில் சைக்கிளை மிதித்துக்கொண்டு முதலியார்பேட்டை வரைக்கும் போய், அவர்கள் தெரு முனையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். மாடியில் வாணியின் புடவை காய்வது தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்து, நல்லா இருக்கா என்று என் வீட்டுக்காரி அஞ்சலையிடம் சொல்வேன்.

ஒரு வைகாசியில் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்தது. பலாப்பழம் நல்ல காரணம். கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே சம்பந்தி தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திணறிக்கொண்டிருந்தார். மகன் வாங்கிக்கொடுத்த ஆட்டம். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. எனக்குத் திரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாய் தானாகப் பேசிவிட்டது, "வடக்குல வராங்க" என்று.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா இது?"

கல்யாணப் பேச்சு, மண்டபப் பேச்சு எல்லாம் கழித்துப் பார்த்தால், எங்கள் இருவருக்கும் நடுவில் வந்த முதல் பேச்சு அதுதான். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. வாணி இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள். இரண்டாவது தடவை என் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் வளையல் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. போகும்போது சம்பந்தி, வருகிற ஞாயிறும் வாருங்கள், பாதியில் நிற்கிறது என்றார்.

அப்படிக் கிடைத்த காரணம் அது. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பேரன் பிறந்தான். அவன் குப்புற விழுந்ததை, உட்கார்ந்ததை எல்லாம் நான் மதில் கட்டிக்கொண்டே பார்த்தேன்.

காலிக் கடையில் கற்றுக்கொண்டது

ஐந்தாவது படித்தவனுக்கு இந்த ஆட்டம் எப்படித் தெரியும் என்று சம்பந்தியும் பிறகு கேட்டார்.

பிரவுசிங் சென்டரைக் காலையில் திறப்பது நான்தான். பெருக்கி, கீபோர்டுகளைத் துடைத்து, ஊதுவத்தி கொளுத்தி வைப்பேன். முதலாளி பத்து மணிக்கு மேல்தான் வருவார். கூட்டம் அதற்கும் பிறகு. மெஷின்கள் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். அப்படிப் போட்டுப் பார்த்ததில், கடைசி மெஷினில் இந்த ஆட்டம் இருந்தது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் கோடாலிப் படம் போட்டிருந்தால் மரம், கடப்பாரை போட்டிருந்தால் கல். அதற்கு எதற்கு இங்கிலீஷ்? ஏசிக் காற்று இல்லாமல், மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். நானும் என் ஆட்களும் விறகு சேர்த்துக்கொண்டிருப்போம். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

மில்லில் ஷிப்ட் இடைவேளையில் சாக்பீஸால் தரையில் கட்டம் கீறி ஆடு புலி ஆடுவார்கள். புலி ஆடுகிறவன் சவால் விட வேண்டும், ஆட்டை வெட்டும்போது தொடையைத் தட்ட வேண்டும். எனக்குக் கூச்சம். எப்போதும் ஆடுகளைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆடுகளுக்குப் பேச்சு கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டி நின்று வழியை அடைக்க வேண்டியதுதான். மதில் புத்தி எனக்கு அங்கேயிருந்து வந்திருக்கலாம்.

ஓடாத டிஸ்க்குகள்

சரி, இரண்டாம் பாகம் கவிழ்த்துவிட்டது. பழைய டிஸ்க்கையே இன்னொன்று வாங்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல். பழையதற்குத் திரும்பினால், மாப்பிள்ளை வாங்கி வந்தது பிடிக்கவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வேறு ஒரு ஆட்டம் என்றால் அந்தப் பேச்சே வராது. ஒரு வாரம் முழுக்க யோசித்து நான் கண்டுபிடித்தது இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனில் கூடுகிற சந்தையில், நடைபாதையில் துணி விரித்து டிஸ்க்குகளைக் குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் செருப்பு, அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. கேட்டு வாங்க எனக்குக் கூச்சம். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்ப்பேன். குதிரையும் கோட்டையும் இருந்தால் எடுத்துக்கொள்வேன்.

முதலில் எடுத்தது குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற டிஸ்க். கோட்டை இருந்தது, அதற்குப் பச்சையோ நீலமோ அடிக்கலாம். சம்பந்தி சிரிக்காமல், பிள்ளைக்கு ஆகும் என்று எடுத்து உள்ளே வைத்தார். அடுத்தது டாங்கி வைத்துச் சுடுகிற ஆட்டம். முதல் குண்டிலேயே பேரன் தூக்கத்திலிருந்து அலறி எழுந்தான். ரயில் பாதை போடுகிற ஒன்று வந்தது. ஸ்டேஷன்கள் அழகாக இருந்தன. சம்பந்திக்கு ஆசைதான். ஆனால் ரயில் விட்ட பிறகு பக்கம் பக்கமாகக் கணக்கு வந்தது. ஆபீஸில் பார்த்தது போதாதா என்று மூடிவிட்டார். செஸ் ஒன்று. அதில் கம்ப்யூட்டர் அவரைச் சட்டென்று தோற்கடித்தது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று வாணி சொன்னாள். எறும்புப் புற்று கட்டுகிற ஆட்டம் என்று ஒன்று. அது ஓடவே இல்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி வந்து நின்றது.

நான் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால், அஞ்சலை வேறு மாதிரி யோசித்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க? டிஸ்க்கு ஓடுதோ ஓடலியோ, நீங்க போய்ப் புள்ளயப் பாத்துட்டு வந்துட்டீங்கல்ல? அடுத்த வாரமும் நல்லா ஓடாததா பாத்து வாங்குங்க."

அதுவும் உண்மைதான். டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் வாசலில் என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் சம்பந்தியின் ஆர்வம் குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார். போட்டுப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் கை டிவி ரிமோட்டைத் தேடும். இன்னும் எத்தனை வாரத்துக்கு இந்த மரியாதை தாங்கும் என்று சைக்கிளில் வரும்போதெல்லாம் யோசிப்பேன்.

பிரெஞ்சு அட்டைப் பெட்டி

பிறகு ஒரு ஞாயிறு, அதே சந்தையில் பழைய புத்தகக் குவியலுக்குள் ஒரு கெட்டி அட்டைப் பெட்டி கிடைத்தது. மேலே ஆறு, மலை, ஒரு கோட்டை. உள்ளே டிஸ்க்கும் தடிமனான சின்னப் புத்தகமும். பிரான்சில் குடும்பம் இருக்கிற யாரோ வீட்டைக் காலி செய்தபோது போட்டது என்றார் கடைக்காரர். எழுத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் மாதிரிதான் இருந்தது. எழுத்துகளின் தலையில் அங்கங்கே கொம்பு முளைத்திருந்தது.

சம்பந்தி பெட்டியைக் கையில் வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். உதடு அசைந்தது.

"இது பிரான்சே" என்றார்.

வாணி என்னைப் பார்த்தாள். அவர் பிரெஞ்சு படித்தவர் என்று அந்த வீட்டில் மருமகளுக்கே தெரியாது. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் சின்னப் பையனாகச் சில வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். அவன் போன பிறகு அவருடைய அப்பா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார். அவருடைய பிரெஞ்சும் என் தமிழ் மாதிரிதான், ஐந்தாவதைத் தாண்டவில்லை. திரையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். சில வார்த்தைகளுக்கு ரொம்ப நேரம் நின்று, பிறகு முகம் விரியும். "ரிவியேர்! ஆறு, சம்மந்தி, ஆறு."

ஆட்டம் இருவருக்கும் பிடித்துப்போனது. நிலம் சுற்றவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. நாம் ஒரு முறை எல்லோரையும் நகர்த்திவிட்டுப் பித்தானை அழுத்தினால், அடுத்தவர் முறை. நடுவில் எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வந்தாலும் ஆட்டம் அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். முறை முடிந்தது என்பதற்குப் பிரெஞ்சில் ஃபேன் து தூர். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு அதுதான்.

ஒரு தவறு மட்டும் நடந்துவிட்டது. ஆரம்பத்தில் சம்பந்தி, இரண்டு பேர் என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக அதை அழுத்தினார். எப்போதும்போல இருவரும் ஒரே பக்கம் என்று நினைத்துக்கொண்டோம். பெயர் கேட்டது, கொடுத்தோம். கொடி கேட்டது, ஆளுக்கு ஒன்று எடுத்தோம். அதன் பிறகு வந்த வரியை அவர் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

"நம்ப ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஜெயிக்கணுமாம், சம்மந்தி."

வழி தவறிய குதிரைகள்

அதை அழித்துவிட்டு வேறு ஆரம்பித்திருக்கலாம். ஆனால் உங்களோடு எதிரியாக இருக்க மாட்டேன் என்று சொல்வதும் ஒரு மாதிரி இருந்தது. இருக்கிறேன் என்பது அதைவிட மோசம். இரண்டு பேரும் அப்படியே ஆடத் தொடங்கினோம்.

எப்படி ஆடினோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அவர் முதலில் ஆட வேண்டும் என்று நான், நீங்கள்தான் முதலில் என்று அவர். என் ஊர்களை எல்லாம் கிழக்கு ஓரத்திலேயே கட்டிக்கொண்டேன். அவர் மேற்கைவிட்டு வரவில்லை. நடுவில் ஒரு ஆறும் நல்ல வயல்வெளியும் இருந்தன. அதை நான் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவைத்தார். அவருக்கு இருக்கட்டும் என்று நான் விட்டுவைத்தேன். கடைசியில் அவர்தான் அங்கே ஒரு சின்ன ஊர் கட்டினார், அதுவும் நான் வற்புறுத்திய பிறகு. ஒரு நாள் அவருடைய குதிரை வீரர்கள் என் ஊர் வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"தப்பா நெனச்சிக்காதீங்க. வழி தவறி வந்துட்டானுங்க" என்று திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்.

வாணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

இப்படியே வாரங்கள் போயின. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. சாலை போட்டோம், வயல் போட்டோம். போடுவதற்கு இடம் தீர்ந்துபோனது. ஒரு ஞாயிறு, என் முறையை முடித்துவிட்டுத் திரும்பினால் சம்பந்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இதுவும் அவ்வளவுதான் போலிருக்கிறது என்றார். கை ரிமோட்டைத் தேடியது.

இதற்குப் பிறகு சந்தையில் தேட என்ன இருக்கிறது?

அன்று கிளம்பும்போது வாணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். சைக்கிள் மணியை அவன் அடிக்க, அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சொன்னாள்.

"அப்பா, அடுத்த வாரம் மாமாவோட ஊர் ஒண்ணப் புடிங்க."

"ஐயோ, சம்மந்தி வீட்டு ஊரையா?"

"ஆமா. இந்த ஊட்ல யாரும் அவர எதிர்த்து ஒரு வார்த்த பேசறது கெடயாது. அவரு புள்ளகூட. கம்ப்யூட்டராவது எதுத்து வந்து அடிச்சிது, அதான் அந்தப் பழைய ஆட்டத்த அப்டி ஆடுனாரு. நீங்களும் மரியாத காட்டுனா அவருக்குச் சலிக்காம இன்னா பண்ணும்?"

"கோவம் வந்துட்டா?"

"வந்தா நான் பாத்துக்கறேன். நீங்க இங்க வரணும். எனக்கு அதான் வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஆற்றங்கரை ஊர்

அந்த வாரம் முழுவதும் கடை திறக்கும்போதும் பூட்டும்போதும் அந்த ஆற்றங்கரை ஊர்தான் கண் முன்னால் நின்றது. வடக்கே ஒரு காட்டு வழி இருந்தது. அவர் அங்கே காவல் வைக்கவில்லை. என்மேல் வைத்த நம்பிக்கை அது.

ஞாயிறு வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக என் வில் வீரர்களைக் காட்டு வழியாக நகர்த்தினேன். ஒளித்துச் செய்யவில்லை. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ வேடிக்கை என்று நினைத்திருப்பார். கடைசி நகர்த்தலுக்கு முன்னால் மவுஸை விட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அழுத்திவிட்டேன்.

கொடி மாறியது. என் கொடி. திரையின் நடுவில் இரண்டு வரி பிரெஞ்சு வந்தது.

படிக்க வேண்டியவர் அவர்தானே. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, முழுவதும் படித்தார். தமிழில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மானம் கறுக்குது. மழைக்கு முன்னாடி கெளம்பிடுங்க" என்றார்.

வெளியே வந்து பார்த்தால், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டு அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொண்ணு வாழற ஊட்ல போயி ஊரப் புடிச்சிட்டு வந்து நிக்கறீங்களே. போங்க, போயி திருப்பிக் குடுத்துட்டு வாங்க." அந்த ஆட்டத்தில் அப்படித் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடிந்தாலும் பிரெஞ்சில் எங்கே எழுதியிருக்கிறது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு வாரம் ஒரு தகவலும் இல்லை. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. சட்டை போட்டேன், சைக்கிளைத் துடைத்தேன், மறுபடி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என்ன விசேஷம் என்று கேட்டால் என்ன சொல்வது? மகள் தானாகக் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைச் செய்யப்போய், வருகிற வழியையே நான் அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

அஞ்சலைதான் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அவசரமாகப் புடவையைச் சரி செய்துகொண்டு உள்ளே ஓடிவந்தாள். ஸ்கூட்டரில் சம்பந்தி. பின்னால் வாணி, மடியில் பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு விசேஷமும் அழைப்பும் இல்லாமல் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு நாற்காலி. அதில் உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை.

"என் ஊரப் புடிச்சிட்டு இங்க வந்து படுத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. அந்தப் புஸ்தகத்த மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சிட்டேன். அகராதி வேற எரவல் வாங்கினேன். ஆத்துல கப்பல் விடலாம்னு அதுல போட்டிருக்கு, தெரியுமா உங்களுக்கு? உங்களுக்குத் தெரியாது. உங்க தெக்குப் பக்கம் மதில் இல்ல, அதயும் பாத்து வெச்சிருக்கேன். நீங்க வராம இருந்தா நான் யாரப் போயி அடிக்கறது? சட்டையப் போடுங்க, கெளம்புவோம்."

வாணி, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் பாத்துக்கறேன் என்று கேட் பக்கத்தில் சொன்னாளே, அதற்கு அவள் ஒன்றுமே செய்யவில்லையாம், வண்டியில் ஏறி உட்கார்ந்ததைத் தவிர. பிறகு சொன்னாள்.

அவளும் பிள்ளையும் அஞ்சலையோடு இருக்கட்டும் என்று சம்பந்தியே சொன்னார். இரண்டு பேரும் ஆற அமரப் பேசிக்கொண்டிருக்கட்டும், இருட்டுவதற்குள் குமரன் வந்து கூட்டிக்கொண்டு போவான் என்றார். நான் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது.

அன்று அவர் கப்பலில் வந்து ஆற்றங்கரை ஊரை மீட்டார். அதோடு விடவில்லை, என் தெற்குப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டார். நான் ஒரு மலைக்கோட்டையில் போய் அடைபட்டுக் கிடந்தேன். அவர் ஒவ்வொரு ஊரைப் பிடிக்கும்போதும் பனியன் தோளைத் தூக்கித் தூக்கிச் சிரித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். மலைக்கோட்டையிலிருந்து எப்படித் தப்பப்போகிறேன் என்று கேட்டார். யோசிக்கணும் என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் ஏன் காத்துக்கிட்டு இருக்கணும்? புதன்கெழமையும் வாங்க" என்றார்.

எழுதியது: ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.